குளிர்காலத்தில் கட்டி, கோடையில் இறக்கும் கயாக்

மரக் கயாக் கட்டுவதற்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை இரண்டு வெப்பமானிகளோடு தொடங்குங்கள். ஒன்று கராஜில் தொங்கட்டும். மற்றொன்று கயிற்றில் கட்டி ஏரியில் இறக்கிப் பார்க்க. பலகைகளை ஒட்டும் பசை இன்று இறுகுமா என்று முதலாவது சொல்லும். கட்டி முடித்த படகில் இன்று ஏறலாமா என்று இரண்டாவது சொல்லும். ஒன்ராறியோவில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் காலண்டரையோ வெயிலையோ பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஏப்ரல் கடைசியில் மேற்சட்டை இல்லாமல் நடக்கிற நாள் வரும். அன்றும் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் 4, 5 பாகை செல்சியஸில் கிடக்கும்.

இந்த நாட்டுக் குளிர்காலம் படகு கட்டத் தோதான காலம். ஜனவரியில் தொடங்கி மாலைகளிலும் வார இறுதிகளிலும் வேலை செய்தால், ஏரிகளில் ஐஸ் உடையும் ஏப்ரல் கடைசிக்குள் வார்னிஷ் வரை வந்துவிடலாம். மொத்தம் நூறு மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் உள்ள வீடுகளின் ஒற்றைக் கார் கராஜ் போதும். உள்நீளம் ஆறு மீட்டர் இருக்கிறதா, இருபுறமும் ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

எந்தப் படகு?

எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வரைபடம் வாங்குவது அதன் பிறகு. ரூஜ் ஆற்று முகத்துவாரச் சதுப்பு, பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்சுமன்ஸ் பே போன்ற ஒதுங்கிய நீருக்கு நான்கு மீட்டர் நீளமும் 65 முதல் 70 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படகு வசதி. ஜோர்ஜியன் பே போன்ற பெருநீருக்கு 5 மீட்டருக்குக் குறையாத நீளம், 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலம், முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் வேண்டும். இரண்டுக்கும் ஒரே படகுதான் என்றால் நீளமானதையே கட்டுங்கள். நீளப் படகு சின்ன ஆற்றில் திரும்பச் சிரமப்படும், அவ்வளவுதான். சின்னப் படகு பெரிய அலையில் ஆபத்து.

அதே அளவு முக்கியமானது உங்கள் உடல் எடை. ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தப் படகு எத்தனை கிலோ சுமைக்கு வடிவமைக்கப்பட்டது என்று போட்டிருக்கும். 55 கிலோ உள்ள ஒருவர் 100 கிலோ ஆளுக்கான படகில் உட்கார்ந்தால் படகு தண்ணீரில் போதிய அளவு அமிழாது. காற்று அதை இலையைப் போலத் தள்ளிக்கொண்டு போகும். பெண்களுக்கு இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் கடையில் முதலில் காட்டப்படுவது நடுத்தர உயர ஆணுக்கான அளவு. இனுயிட் மக்கள் மிதந்து வந்த மரத்தில் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்திக் கயாக் செய்தபோது, ஓட்டப்போகிறவரின் கைவிரிப்பையும் இடுப்பையும் வைத்துத்தான் அளவெடுத்தார்கள். அந்த முறையை நாமும் விடக்கூடாது.

கட்டும் முறைகளில் இரண்டு பிரபலம். சீடர் மரத்தை மெல்லிய கீற்றுகளாக அறுத்து, அச்சுச் சட்டங்கள் மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போவது ஒன்று. 1998இல் வெளிவந்த நிக் ஷேடின் புத்தகத்தைப் பார்த்து அந்த முறையில் கட்டியவர்கள் பலர். கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் நேரம் இரண்டு, மூன்று மடங்கு. முதல் படகுக்கு நான் பரிந்துரைப்பது தைத்து ஒட்டும் முறை. பிளைவூட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, எப்பொக்சியால் ஒட்டுவது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் சேர்ந்து, டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு மிரர் என்ற பாய்ப்படகை இந்த முறையில் கொண்டுவந்தார்கள். தச்சுப் பழக்கம் இல்லாத சாதாரணக் குடும்பங்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்களின் நோக்கம். அது நிறைவேறவும் செய்தது.

தைத்த படகு தமிழருக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் பலகைகளைத் தென்னங்கயிற்றால்தான் தைத்தார்கள். அலை மோதும் கரையில் ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். இங்கே நாம் போடும் தையலின் வேலை வேறு. எப்பொக்சி இறுகும்வரை பலகைகளை உருவத்தில் பிடித்துவைத்தால் போதும். பிறகு கம்பிகளை உருவிவிடுவோம். படகு ஒரே துண்டாக விறைத்து நிற்கும்.

மரமும் தையலும்

ஒக்கூமே மரத்தின் மரைன் பிளைவூட், 4 மில்லிமீட்டர் தடிமன், பி.எஸ். 1088 தரம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரணக் கட்டடப் பிளைவூட்டின் உள்ளடுக்கில் இடைவெளிகள் இருக்கும். வளைக்கும்போது அங்கேதான் முறியும். வளைந்து தப்பினாலும் பின்னாளில் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கணினி அறுத்த கிட் வாங்கினால் பலகைகள் புதிர்த் துண்டுகள்போலப் பூட்டிக்கொள்ளும்படி வரும். நீங்களே அறுப்பதானால், 244 சென்டிமீட்டர் நீளத் தாள்களை இணைத்துத்தான் ஐந்து மீட்டர் பலகை செய்ய முடியும். இரண்டு ஓரங்களையும் எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இழைத்து, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். 4 மில்லிமீட்டர் பலகைக்குச் சரிவின் நீளம் 32 மில்லிமீட்டர்.

பலகை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு ஒரு துளை. கம்பியை நுழைத்து வெளிப்பக்கம் குறட்டால் முறுக்குங்கள். எல்லாத் தையலையும் தளர்வாகப் போட்டுவிட்டு, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் கம்பி மெல்லிய மரத்தைக் கத்திபோல அறுத்துவிடும். தட்டையாகக் கிடந்த நான்கு பலகைகள் இந்தச் சில மணி நேரத்தில் படகாக எழுந்து நிற்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் துளை போடவும் கம்பி வெட்டவும் விடுங்கள். இது அவர்களும் பங்கெடுக்கக்கூடிய நாள்.

பசையைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு நேரான சட்டங்களைப் படகின் குறுக்கே, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக வையுங்கள். அணியத்துக்கு எதிரே நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு சட்டங்களும் ஒரே கோட்டில் இருந்தால் உடல் முறுக்கில்லாமல் நிற்கிறது. ஒன்று சாய்ந்து தெரிந்தால், தாங்கு கட்டையின் அடியில் சக்கை வைத்துச் சரிசெய்து மறுபடி பாருங்கள். இப்போது விட்ட முறுக்கு எப்போதும் போகாது. அந்தப் படகு ஆயுள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும், அதன் பாரத்தை உங்கள் தோள் சுமக்கும்.

எப்பொக்சியும் குளிரும்

வெளியே கழித்தல் 15 இருக்கும் இரவில் ஒட்டு வேலை செய்வது இந்த நாட்டுக் கட்டுநர்கள் கற்க வேண்டிய பாடம். எப்பொக்சி காய்வதில்லை, ரெசினும் ஹார்டனரும் வேதிவினையில் சேர்ந்து இறுகுகின்றன. அந்த வினை வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரு மடங்காகும். மெதுவாக இறுகும் ஹார்டனர்களில் பல 15, 16 பாகைக்குக் கீழே சரியாக இறுகாது. உங்கள் டப்பாவில் அச்சிட்டிருக்கும் எல்லையே உங்களுக்குச் சட்டம்.

வெப்பமானியைத் தலை உயரத்தில் மாட்டாதீர்கள். கராஜின் சிமெந்துத் தரை குளிரை உமிழ்ந்துகொண்டே இருக்கும். உங்கள் முகத்துக்கு 20 பாகை தெரியும்போது படகின் அடிவயிற்றில் 13தான் இருக்கக்கூடும். தாங்கு கட்டையில், படகு உடலை ஒட்டினாற்போல வெப்பமானியைக் கட்டுங்கள். கராஜ் முழுவதையும் சூடாக்குவதைவிட, படகைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு, எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டரை உள்ளே வைப்பது மலிவு. புரொப்பேன், மண்ணெண்ணெய் அடுப்புகளை மூடிய கராஜில் எரிக்கவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டு ஆளைக் கொல்லும். அவை வெளிவிடும் ஈரம் பசையின் மேல் மெழுகுபோல ஒரு படலத்தை உண்டாக்கி அடுத்த பூச்சைப் பிடிக்கவிடாமலும் செய்யும்.

ரெசின் டப்பாக்களை வீட்டுக்குள் வையுங்கள். குளிர்ந்த ரெசின் கெட்டியாகி, பம்பில் அளவு தவறும். குளிரில் கிடந்து சீனி கட்டியதுபோல வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். டப்பாவைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வைத்தால் தெளியும். கலவை விகிதம் இரண்டுக்கு ஒன்றோ ஐந்துக்கு ஒன்றோ, தயாரிப்பைப் பொறுத்தது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மிஞ்சிய ஹார்டனருக்குச் சேர ரெசின் இருக்காது. பூச்சு என்றைக்கும் பிசுபிசுத்தே கிடக்கும். அவசரமென்றால் அறையைச் சூடாக்குங்கள்.

ஒருமுறைக்கு 150 மில்லிலீட்டருக்கு மேல் கலக்க வேண்டாம். இறுகும்போது எப்பொக்சி சூட்டை வெளியிடும். ஒடுங்கிய கோப்பையில் மிச்சம் விட்டால் அந்தச் சூடு தப்ப வழியில்லாமல் பெருகி, புகையவும் தொடங்கும். மிச்சத்தைத் தட்டையான தட்டில் பரப்பி வெளியே வைத்துவிடுங்கள். கையுறை நைட்ரைல், முகமூடி கரிம ஆவி வடிகட்டி உள்ளது. எப்பொக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது. அதன் பிறகு அந்தப் பசையோடு நீங்கள் வேலை செய்ய முடியாது. ஆகவே கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள், அது தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சோப்பால் கழுவுங்கள்.

தையல்களுக்கு இடையே முதலில் சிறு சிறு பொட்டுகளாக ஒட்டி, இறுகியதும் கம்பிகளை உருவுங்கள். வராத கம்பியின் நுனியை சால்டரிங் அயனால் சூடாக்கினால் எப்பொக்சி இளகி வழிவிடும். பிறகு எப்பொக்சியில் நைசான மரத்தூளைக் குழைத்து, கரண்டியின் முதுகால் உள்மூலைகள் முழுக்க வழவழப்பான வளைவாக இழுத்து, அதன்மேல் 7.5 சென்டிமீட்டர் கண்ணாடியிழை நாடாவைப் பதியுங்கள். படகின் பலம் இந்த வளைவிலும் நாடாவிலும் இருக்கிறது.

அடிப்பாகத்துக்குக் கண்ணாடித் துணி போடும் நாளில் ஒரு நண்பரைத் துணைக்கு அழையுங்கள். படகைக் கவிழ்த்து, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை விரித்து, கையால் நீவிச் சுருக்கம் எடுத்தால் படகு வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கும். நடுவில் எப்பொக்சியை ஊற்றி, ரப்பர் தகட்டால் மெல்ல வெளிப்பக்கம் தள்ளுங்கள். பசை ஊறிய இடத்தில் துணி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, அடியிலிருக்கும் மரம் பழுப்புச் சிவப்பாக மேலே வரும். வெள்ளையாகத் தெரியும் புள்ளி என்றால் அங்கே பசை போதவில்லை. ஈரமாகப் பளபளக்கும் இடம் என்றால் அங்கே பசை மிஞ்சித் துணி மிதக்கிறது. அதை வழித்து அடுத்த இடத்துக்குத் தள்ளுங்கள். சரியாக ஊறிய பரப்பில் துணியின் நெசவு தெரியும், பளபளப்பு மங்கியிருக்கும்.

இந்த வேலையை வெப்பம் இறங்கும் வேளையில் செய்யுங்கள். மரத்துக்குள் காற்று இருக்கிறது. அறை சூடேறும்போது அது விரிந்து வெளியே வந்து பூச்சில் குமிழிகளாக நிற்கும். மாலையில் கராஜை 22 பாகைக்குக் கொண்டுவந்து, ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் பூசத் தொடங்கினால் காற்று உள்ளே சுருங்கி, கூடவே பசையையும் மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும்.

மேல்தளம் ஒட்டுவது, அமரும் குழியின் விளிம்பு, உப்புத்தாள் போடுவது எல்லாம் வரைபடத்தில் சொன்னபடி. பொறுமை தவிர வேறு ரகசியம் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை மூன்று நான்கு பூச்சுத் தவறாமல் கொடுங்கள், வெயில் எப்பொக்சியைச் சிதைக்கும். வரைபடங்களில் பலவும் சொல்லாத ஒன்று: முன், பின் அறைகளின் தடுப்புப் பலகையில் குண்டூசி அளவு துளை ஒன்று போடுங்கள். காரின் கூரையில் சூடேறிய படகைக் குளிர்ந்த ஏரியில் வைத்ததும் அறைக்குள் இருக்கும் காற்று சுருங்கும். துளை இல்லாவிட்டால் அறை மூடி உள்நோக்கி இழுக்கப்பட்டு, விளிம்பில் தண்ணீர் கசியும்.

மே, ஜூன்

படகு தயார், வெயிலும் வந்தாயிற்று. இந்த இடத்தில்தான் இரண்டாவது வெப்பமானியை எடுக்க வேண்டும். தண்ணீர் 15 பாகைக்குக் கீழே இருந்தால் அது உயிரை எடுக்கும் குளிர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ பத்து நிமிடம். உடல் உறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். உறைந்து இறப்பவர்களைவிட, முதல் நிமிடத்துத் திணறலில் தண்ணீரைக் குடித்தும், பிறகு விரல் மரத்துப்போய் எதையும் பிடிக்க முடியாமலும் மூழ்குகிறவர்கள்தான் அதிகம். லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது. உடம்பில், ஜிப் போட்டு இருக்க வேண்டும். உடுப்பைக் காற்றின் வெப்பம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், தண்ணீரின் வெப்பம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெட்சூட்டோ டிரைசூட்டோ இல்லையென்றால் மே மாதம் முழுவதும் இடுப்பளவு நீரில், கரையை ஒட்டி மட்டும் துடுப்புப் போடுங்கள்.

வடக்கே போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை அல்கொன்குயின் பக்கம் கருப்பு ஈக்கள், அவற்றின் பின்னால் நுளம்புகள். குழந்தைகளோடு முகாம் போடுவதை ஜூலைக்குத் தள்ளி வையுங்கள்.

தண்ணீர் 20 பாகையைத் தொட்டதும் முதல் வேலை கவிழ்ந்து பழகுவது. நெஞ்சளவு ஆழம், பக்கத்தில் ஒருவர். கவிழுங்கள்; அமரும் குழியை மூடும் இடுப்புத் திரையின் வளையத்தைப் பிடித்து முன்னே தள்ளி இழுங்கள்; வெளியே வாருங்கள்; படகை நிமிர்த்துங்கள்; துடுப்பின் நுனியில் காற்றுப்பையை மாட்டி, அதை ஊன்றிப் படகில் ஏறுங்கள்; பம்பால் தண்ணீரை இறையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை திரும்பத் திரும்ப. இதைச் செய்து பார்க்காதவரை கரையிலிருந்து நீந்திக் கடக்கக்கூடிய தூரத்துக்கு அப்பால் போகக் கூடாது.

ஜூலை, ஆகஸ்ட்

ஒன்ராறியோ ஏரி கோடையிலும் ஏமாற்றும். மேற்கிலிருந்து பலத்த காற்று ஓரிரு நாள் தொடர்ந்து வீசினால் வடகரையில் மேல்நீர் வெளியே தள்ளப்பட்டு, ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். திங்களன்று 20 பாகையாக இருந்த தண்ணீர் புதன்கிழமை 10க்குக் கீழே இருக்கலாம், வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருக்கும். வடகாற்று வேறு விதமான பொறி. ரொறன்ரோக் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும், ஏனென்றால் காற்று உங்கள் முதுகிலிருந்து ஏரியை நோக்கி வீசுகிறது. வெளியே போகப் போக அலை வளரும், திரும்பி வருவது முழுக்க எதிர்க்காற்றில். கனடாச் சுற்றுச்சூழல் துறையின் கடல்சார் முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தோடு திசையையும் படியுங்கள்.

இந்தப் படகு கட்டப்பட்டதே ஜோர்ஜியன் பேக்கு என்று சொல்வேன். முப்பதாயிரம் தீவுகள் என்று பெயர். உலகின் மிகப் பெரிய நன்னீர்த் தீவுக்கூட்டம். இளஞ்சிவப்புப் பாறை, மேல்காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்த வெள்ளைப் பைன்கள், பாறை இடுக்கில் நுழைய ஆழமற்ற கால்வாய்கள். மசசாகா மாகாணப் பூங்காவின் முகாம் இடங்களுக்குப் படகில் மட்டுமே போக முடியும் என்பதால் அங்கே கூட்டமில்லை. ஒன்ராறியோவின் ஒரே நச்சுப்பாம்பான மசசாகாக் கிலுகிலுப்பைப் பாம்பு அந்தப் பக்கம் உண்டு. பாறையில் கை வைக்கும் முன் பாருங்கள், சத்தம் கேட்டால் நின்று ஒதுங்குங்கள். மேல்காற்று பிற்பகலில் வலுக்கும், எதிரே விரிகுடாவின் அகலம் முழுவதும் அலைக்கு ஓடுதளம். விடியற்காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் கூடாரம் போட்டுவிடுங்கள். படகைப் பாறைமேல் இழுக்கவே கூடாது: மிதக்கும்போதே இறங்கி, இருவராகத் தூக்குங்கள். கீறல் வார்னிஷையும் துணியையும் தாண்டி மரத்தைத் தொட்டால் தண்ணீர் ஊறி அந்த இடம் கறுக்கும். கறுப்பைக் கண்டால் நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, எப்பொக்சியும் வார்னிஷும் பூசுங்கள்.

ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகும்போது படகை வடித்து, துடைத்து, ஒட்டியிருக்கும் பாசியை எடுத்துவிட வேண்டும். சீப்ரா சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் இப்படித்தான் பரவுகின்றன. 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டமும்கூட.

செப்டம்பர், ஒக்டோபர்

ஆண்டிலேயே சிறந்த மாதம் செப்டம்பர். பூச்சிகள் போய்விடும், முகாம்கள் காலியாகும், கோடை முழுக்க வாங்கிய சூட்டை ஏரி இன்னும் வைத்திருக்கும். அல்கொன்குயினில் மேப்பிள் மரங்கள் வழக்கமாக மாதக் கடைசியில் உச்சச் சிவப்புக்கு வரும். கயாக்கைத் தோளில் சுமந்து காட்டுவழி நடப்பது கஷ்டம், அது கனூவுக்கு ஏற்ற வேலை. ஆகவே சுமைநடை தேவையில்லாத ஒப்பியோங்கோ ஏரியைத் தேர்ந்தெடுங்கள். பூங்காவிலேயே பெரிய ஏரி. அகன்ற பகுதிகளில் காற்று எழும்பும் என்பதால் கரையை ஒட்டியே போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அல்கொன்குயின் உட்காட்டு முகாம்களுக்கு டின், போத்தல் கொண்டுபோகத் தடை, ஆகவே டின்மீன் வீட்டிலேயே இருக்கட்டும். வறுத்த அரிசிமா, பருப்பு, காய்ந்த தேங்காய்ப்பூ, மிளகாய்த்தூள் எல்லாம் ஒல்லியான பைகளில் போட்டால் அறை மூடி வழியாக நுழையும், எடையும் இல்லை. இரவில் உணவைப் படகு அறைக்குள் விட்டுவைத்தால் கரடிக்குப் பிளைவூட் ஒரு தடையே அல்ல. தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, கயிற்றில் தொங்கவிடுங்கள்.

ஒக்டோபர் இரண்டாம் திங்கள், நன்றி நவிலல் விடுமுறை, பலருக்குக் கடைசிப் பயணம். மே மாதத்து விதிகள் எல்லாம் மறுபடி நடைமுறைக்கு வருகின்றன, இம்முறை பகலும் குறுகியிருக்கும். மாற்றுடுப்பு ஒரு முழுச் செட்டும் சுடுதண்ணீர்ப் போத்தலும் தண்ணீர் புகாத பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நீர் 15 பாகைக்குக் கீழே போனதும் வெட்சூட் இல்லாதவர்கள் அந்த ஆண்டுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். 10க்குக் கீழே டிரைசூட்டும், அதைப் போட்டுக் கவிழ்ந்து பழகிய துணையும் இருந்தால் மட்டும் இறங்கலாம். துடுப்பிலிருந்து சொட்டும் நீர் மேல்தளத்தில் உறையத் தொடங்கிய நாளில் டிரைசூட் இருப்பவர்களும் கரையேற வேண்டும்: கையுறைக்குள் விரல் விறைத்தால் இடுப்புத் திரையின் வளையத்தைப் பிடித்து இழுக்க வராது.